வாய் மூடின பிறகு

உட்துறைமுக வீதியில், பாமசிக்கு மேல்மாடியில்
நாலு பேர் கூடினோம், மார்கழி இருபத்தெட்டு.
தகரத்தில் மழை விழுந்த விழுகையில்
கோணாமலை சேர் வாசித்த விதிமுறைகள்
ஒருவருக்கும் கேட்கவில்லை.
கேட்டதுபோல் தலையாட்டினோம்.

பதின்மூன்று படம் இந்த வருசம்,
வடக்கு, கிழக்கு, மலையகம் எல்லாம் சேர்த்து.
பதின்மூன்றையும் முழுசாய்ப் பார்த்தவள் நஸ்ரியா மட்டும்,
கிண்ணியா பஸ்ஸில், போனில்,
ஒரு காது மட்டும் வேலைசெய்யும் இயர்போனில்.

சிறந்த படத்துக்குச் சண்டையே வரவில்லை.
‘உப்பு விளையும் நாள்’.
நிலாவெளியில் ஒரு பெண், ஒரு வாரி,
எழுபத்திரண்டு நிமிசம்.
ஒருமுறை இருமுகிறாள். அதுதான் வசனம்.
ஏதோ குளிர்நாட்டில் கைதட்டு வாங்கி வந்த படம்.
“மௌனத்தின் மொழி” என்றார் புஷ்பகாந்தன்.
எழுதிக்கொண்டோம்.
நகரமண்டபத்தில் போட்டபோது வந்தது பதினொரு பேர்.
அதில் நாங்கள் நாலு பேர்,
மழைக்கு ஒதுங்கின பொலிஸ்காரர் ஒருவர்.
சுவரில் ஒட்டின போஸ்டரை
கோட்டைப் பக்கத்து மான்கள் தின்றுவிட்டிருந்தன.
பசை கோதுமை மாவில் கிண்டினதாம்.
“அதுகளுக்குப் பிடிச்சிருக்கு” என்றாள் நஸ்ரியா.
குறிப்பில் சேர்க்கவில்லை.

மற்றதுக்கும் சண்டையில்லை.
‘கப்பல்துறைக் காளை’.
கறுப்புக் கண்ணாடியோடு நாயகன்
கரைதட்டின வள்ளத்திலிருந்து பாய்கிறான்,
மெதுவாக, மிக மெதுவாக,
பாதி வழியில் செருப்பு கழன்று அவனுக்கு முந்தி இறங்குகிறது.
இரத்தம் எல்லாம் போட்டெல்லோ. எறும்பு மொய்க்கிறது தெரிகிறது.
உப்புவெளியில் மெத்தை தொங்கவிட்ட அறையொன்றில்
குரல் பதிந்தார்களாம். உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம்.
தாய்க்காரி வாசலில் நின்று வாயசைத்து முடித்து
இறுக்கி மூடினதன் பிறகு வருகிறது,
“சாப்பிட்டியா மகன்.”

தியேட்டர் சிரித்தது. பத்தொன்பது நாள் ஓடின படம்.
நானும் சிரித்தேன், முதல்நாள்.
இரண்டாந்தரம் ஏன் போனேன் என்று
இவர்களிடம் சொல்லவில்லை.

தம்பி எண்ணெய்க் கப்பலில்.
நடுக்கடலிலிருந்து எடுத்தால்
அவன் கேள்வி வந்துசேர இரண்டு நொடி,
என் பதில் போய்ச்சேர இரண்டு நொடி.
இடையில் இருவரும் ஒரே நேரம் தொடங்கி
ஒரே நேரம் நிறுத்தி
“நீ சொல்லு”, “இல்லை, நீ சொல்லு.”
அந்தத் தாய்க்காரியின் மூடின வாயை
கமரா விடாமல் பார்த்துக்கொண்டிருந்தது.
வெட்டத் தெரியாமல்தான். தெரியும்.
பின்வரிசையில் இருந்து அழுதேன்.
முன்னால் ஒருத்தன் விசிலடித்தான்.

“ஒலி ஒத்திசைவு பரிதாபம்.”
தீர்ப்பில் அந்த வரி என் கையெழுத்து.
நூற்றுக்குப் பதினொன்று போட்டேன்.
மற்றவர்களைவிட இரண்டு குறைவு.

மீன் பணிசும் பிளேன்ரீயும் முடிந்து இறங்க
மழை விடவில்லை. கைகாட்டி நிறுத்தின ஆட்டோவின்
பின்கண்ணாடியில் அரைவாசி உரிந்த காளை.
ஓடுகிறவன் நிரூஜன். எழுதி இயக்கினவன்.
செருப்பு கழன்டதும் அவனுக்குத்தான்.
எங்கிருந்து இறங்கி வருகிறேன் என்று அவனுக்குத் தெரியும்.
அவனுக்குத் தெரியும் என்று எனக்கும்.
மூன்றாம் கட்டை தாண்டும்வரை வைப்பர் மட்டும் பேசியது.
“மூலையில விடவோ அக்கா, உள்ள வரவோ?”
“மூலையிலயே விடுங்கோ.”
உள்ளே வந்துதான் விட்டான்.
முந்நூற்றைம்பது. ஐந்நூறு கொடுத்தேன்,
மிச்சத்தை ஈரமில்லாத தாளாகத் தேடித் தந்தான்.

இரவு பதினொன்றரைக்குத் தம்பி.
“என்ன அக்கா, எது மோசமாம் இந்தமுறை?”
வாய் திறந்தேன்.
சொன்னேன்.
மூடினேன்.
ஜன்னலில் மழை.
இன்னும் அவனுக்குப் போய்ச் சேரவில்லை.